அம்மாவோடு எட்டு நாள் எகிப்து

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். டிசம்பரில் எட்டு நாள் எகிப்து போகிறோம், பிரமிடும் மியூசியமும் தவிர எதற்கு நேரம் ஒதுக்குவது? போய் வந்தவர்கள் எல்லோரும் 'ஏமாற்றுகிறார்கள்' என்கிறார்களே, உண்மையா? சைவம் மட்டும் சாப்பிடும் அம்மாவை அழைத்துப் போகலாமா? நான் கெய்ரோவில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். திரும்பி வந்த பிறகும் இரண்டு தடவை போய் வந்தேன். அந்த ஊர் மேல் எனக்கு இருக்கும் பாசம் இந்தப் பதிலில் தெரியும், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

அம்மாவில் இருந்து தொடங்குகிறேன். தாராளமாக அழைத்துப் போங்கள். ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஸியாமி'. நோன்புச் சாப்பாடு என்று பொருள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வருஷத்தில் 200 நாளுக்கு மேல் நோன்பு இருப்பவர்கள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொட மாட்டார்கள். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் கோழிச் சாற்றில் வேகவைத்த சோற்றைக் கொண்டுவந்து வைக்கும் ஓட்டல்காரர்கூட, 'ஸியாமி' என்றால் உடனே புரிந்துகொள்வார். நீங்கள் போகும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் நோன்பு நடந்துகொண்டிருக்கும். நவம்பர் 25-இல் தொடங்கி ஜனவரி 6 வரை போகும், அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. இந்த நோன்பில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால் 'மீனும் வேண்டாம்' என்பதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். அரபியில் மீன் 'ஸமக்'.

தெருவிலேயே அம்மாவுக்கு நிறைய கிடைக்கும். காலையில் 'ஃபூல்': ராத்திரி முழுக்கக் குடத்தில் வெந்த மொச்சை வகை, மேலே எண்ணெய், சீரகம், எலுமிச்சை. பக்கத்திலேயே 'தாமெய்யா' பொரித்துக்கொண்டிருப்பார்கள். மற்ற அரபு நாடுகளில் கொண்டைக்கடலையில் செய்வதை எகிப்தியர்கள் அதே மொச்சையை அரைத்து, கொத்தமல்லித் தழை சேர்த்துச் செய்வார்கள். கடித்தால் உள்ளே பச்சைப் பசேல் என்று இருக்கும். மத்தியானம் 'கொஷரி'. சோறு, மசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, தக்காளிச் சாறு ஊற்றி, மொறுமொறு வெங்காயம் தூவித் தருவார்கள். பூண்டும் வினிகரும் கலந்த 'தக்கா'வைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் கொஷரி முழுமையாகாது. 'முலூகியா' மட்டும் அம்மாவுக்குச் சரிப்படாது. அது சணல் கீரைதான், ஆனால் ஓட்டலில் கோழி அல்லது முயல் வெந்த சாற்றில்தான் செய்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் எனக்காகத் தண்ணீரில் செய்து தந்திருக்கிறார். பூண்டையும் கொத்தமல்லி விதையையும் தாளித்து அதில் கொட்டும் நொடியில் மூச்சை 'ஹஹ்' என்று உள்ளே இழுப்பார். அந்தச் சத்தம் வராவிட்டால் ருசி வராது என்பது அங்குள்ள எல்லா வீட்டிலும் நம்பிக்கை.

ரொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற அரபு நாடுகளில் பொதுவாக ரொட்டிக்கு 'குப்ஸ்' என்று பெயர். எகிப்தில் 'ஏஷ்'. உயிர், வாழ்க்கை என்று பொருள் தரும் சொல்லில் இருந்து வந்தது. தலையில் மரச்சட்டத்தை வைத்து, அதன் மேல் நூறு ரொட்டியை அடுக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிள் ஓட்டிப் போகும் பையனைக் கெய்ரோவில் முதல் நாளே பார்ப்பீர்கள். அரசு மானிய ரொட்டி ஒன்று 5 பியாஸ்தருக்கு 30 வருஷத்துக்கு மேல் விலை மாறாமல் விற்றது. 100 பியாஸ்தர் சேர்ந்தால்தான் ஒரு எகிப்திய பவுண்டு. 1977 ஜனவரியில் அன்றைய அதிபர் சாதாத் உணவு மானியத்தைக் குறைக்கப் பார்த்தபோது நாடே தெருவுக்கு வந்தது, இரண்டு நாளில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பயத்தில் பிறகு வந்த ஆட்சிகள் ரொட்டி விலையைத் தொடத் தயங்கின. 2024 ஜூனில்தான் 20 பியாஸ்தர் ஆனது.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. எகிப்தில் ரொட்டிக்காக நடந்த முதல் சண்டை அது கிடையாது. இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

தெற்கே லக்சர் ஊரில், நைல் நதியின் மேற்குக் கரையில் 'தேர் எல் மதீனா' என்று ஓர் இடம் இருக்கிறது. பஸ்ஸில் கூட்டமாக வருபவர்களில் பலர் அரச சமாதிகளைப் பார்த்துவிட்டு நேரம் இல்லை என்று இதைத் தவிர்த்துவிடுவார்கள். நீங்கள் தவிர்க்காதீர்கள். எட்டு நாளில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் பிரமிடை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். அரசர் பள்ளத்தாக்கில் சமாதிகளைக் குடைந்தவர்கள், வரைந்தவர்கள், செதுக்கியவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வாழ்ந்த கிராமம் அது. சுவருக்குள் எழுபதுக்குக் கொஞ்சம் குறைவான வீடுகள். ஒடுக்கமான தெரு, முன்னறை, பின்கட்டில் சமையல் இடம், மாடிக்குப் போகும் படி. இடுப்பளவுச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

அந்த மனிதர்கள் எழுதத் தெரிந்தவர்கள். உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதித் தள்ளினார்கள். கடன் கணக்கு, துணி வெளுக்கப் போட்ட கணக்கு, கழுதை வாடகைத் தகராறு, காதல் பாட்டு என்று ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அன்றைய மன்னர் (பாரோ) இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டில் எழுதிய ஒரு வருகைப் பதிவேடு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் என்ற பட்டியல். ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சினான். ஒருவன் தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போனான். பள்ளிக்கூடத்தில் படித்த பாரோக்கள் எல்லோரும் எனக்கு மறந்துவிட்டார்கள், தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போனவன் மறக்கவில்லை.

இவர்களுக்குக் கூலி காசு கிடையாது. கோதுமையும் வாற்கோதுமையும்தான், அதாவது ரொட்டியும் பீரும். மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1157-இல், தானியம் வர வாரக்கணக்கில் தாமதமானது. கருவிகளைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்கள். பக்கத்தில் இருந்த கோயில்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பாரோவுக்கு எழுதுங்கள் என்று கேட்டார்கள். கடைசியில் தானியம் வந்தது. எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். இதைப் பதிவு செய்த பாப்பிரஸ் (நாணல் தாள்) இன்று இத்தாலியில் டூரின் நகரில் இருக்கிறது. தேர் எல் மதீனாவிலேயே மேட்டில் இருக்கும் 'சென்னெஜெம்' என்ற தொழிலாளியின் சமாதிக்குள் குனிந்து இறங்குங்கள். மஞ்சள் சுவரில் அவனும் அவன் மனைவியும் மறுவுலக வயலில் உழுது அறுத்துக்கொண்டிருப்பார்கள். நேற்று வரைந்தது போல நிறம். அரசனுக்கு வரைந்து பழகிய கை, தன் வீட்டுக்காக வரைந்தது.

பிரமிடைப் பார்க்கும்போதும் இதையே மனதில் வையுங்கள். அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டினார்கள் என்று அம்மா கேள்விப்பட்டிருப்பார். பிரமிடுகள் நிற்கும் கிசாவில் அந்தக் கட்டடத் தொழிலாளர்களின் சமாதிகளே 1990 முதல் கிடைத்து வருகின்றன. முறையாக, பிரமிடுக்குப் பக்கத்திலேயே, மறுவுலகத்துக்கான பானைகளோடு அடக்கம் செய்யப்பட்டவர்கள். செங்கடல் கரையில் வாடி எல் ஜர்ஃப் என்ற இடத்தில் 2013-இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் தாலே குழுவினர் எடுத்த பாப்பிரஸில், 'மெரெர்' என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருந்தது. இன்று துரா குவாரியில் கல் ஏற்றினோம், இன்று படகில் வந்தோம், இன்று இறக்கினோம் என்று நாள்தோறும் எழுதியிருக்கிறார். கூஃபு என்ற பாரோவின் பெரிய பிரமிடுக்கான வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அது. 4,500 வருஷத்துக்கு முந்தைய லாக்புக்! நான் சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் இருப்பவன் என்பதால் அதைப் படித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மாவைக் கூஃபு பிரமிடுக்கு உள்ளே கூட்டிப்போக வேண்டாம். மேலே ஏறும் வழி 1.2 மீட்டர் உயரம்தான், குனிந்தபடியே ஏற வேண்டும், காற்றும் குறைவு. வெளியே நின்று பார்த்தால் போதும். அரசர் பள்ளத்தாக்கில் சாதாரண டிக்கெட்டுக்கு மூன்று சமாதி. அதில் ஒன்று நான்காம் ராம்செஸின் சமாதியாக இருக்கட்டும். வாசலுக்குப் பக்கம், அகலமான வழி, மெதுவான சரிவு, முழங்கால் வலிக்காது. துட்டன்காமன் சமாதிக்குத் தனி டிக்கெட். உள்ளே இருந்த 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிசா பக்கத்துப் புதிய பெரிய மியூசியத்துக்குப் போய்விட்டன. அந்த மியூசியம் 2025 நவம்பரில் முறைப்படி திறந்தது. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

ஏமாற்றுவார்களா? சுற்றுலா இடங்களில் ஆம். ஒட்டகத்தில் ஏறுவதற்கு ஒரு விலை, இறங்குவதற்கு ஒரு விலை என்பது உண்மை. 'இன்று வாசல் மூடியிருக்கிறது, வேறு வழி காட்டுகிறேன்' என்பது பொய். கவுன்ட்டருக்கு நேராகப் போங்கள். கெய்ரோவில் டாக்ஸியைச் செயலியில் பிடித்துவிட்டால் பேரமே இல்லை. அரபி எண்களை மட்டும் விமானத்திலேயே படித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷ வேலை. வட்டமாக இருப்பது ஐந்து, சைபர் என்பது வெறும் புள்ளி. மேலே விரிந்த கவை போல இருந்தால் ஏழு, அதைக் கவிழ்த்தால் எட்டு. விலைப்பலகையை உங்கள் கண்ணால் படிக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. சில்லறைக்கு 'ஃபக்கா' என்று பெயர். கையில் எப்போதும் சின்ன நோட்டு வைத்திருங்கள், யாரிடமும் மீதி இருக்காது. பெண்கள் தனியாகப் போகும்போது சீண்டல் உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். கெய்ரோ மெட்ரோவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் இருக்கின்றன, நீங்களும் அம்மாவும் அதில் ஏறுங்கள்.

ஒரு டாக்ஸிக்காரர் என்னிடம் இரண்டு மடங்கு வாங்கிய ராத்திரி எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் பக்கக் கணக்கையும் பாருங்கள். 2016 நவம்பருக்கு முன் ஒரு டாலருக்கு ஒன்பது பவுண்டுக்கும் குறைவு. 2024 மார்ச்சுக்குப் பிறகு ஐம்பதை நெருங்கியது. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 38 சதவீதம். எட்டு வருஷத்தில் கையில் இருந்த சேமிப்பு கரைந்துபோன மனிதர்களின் நாடு அது. நம்மிடம் கூடுதலாகப் போகும் ஐம்பது பவுண்டு அவர்கள் வீட்டுக்கு எண்ணெயாகப் போகிறது. விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பேசிய பிறகு முகத்தைச் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

இதே மக்கள்தான் தெருவில் வழி கேட்டால் கூடவே நடந்து வந்து விட்டுப் போவார்கள். கடைக்காரர் காசு வாங்கும் முன் 'கல்லி' என்பார், இருக்கட்டும் என்று அர்த்தம். அது மரியாதைச் சொல், நிஜம் என்று எடுத்துக்கொள்ளாமல் இரண்டாம் தடவையும் நீட்டுங்கள், வாங்கிக்கொள்வார். இந்தியர் என்றால் 'ஹிந்தி?' என்று கேட்டுவிட்டு அமிதாப் பச்சன் பெயரைச் சொல்வார்கள். 'என்னை ஹிந்தி என்று நினைத்தாயா?' என்று அவர்களுக்குள் பேசுவதும் காதில் விழலாம். என்னை ஏமாளி என்று நினைத்தாயா என்ற பொருளில் வரும் பழைய பேச்சு வழக்கு. எனக்கு அது முதலில் சுட்டது. எங்கள் கட்டடத்துக் காவல்காரரிடமே கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அவரை அங்கே 'பவ்வாப்' என்பார்கள். கெய்ரோ அடுக்குமாடிகளில் வாசல் அறையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் காவல்காரர், பெரும்பாலும் தெற்கே மேல் எகிப்தில் இருந்து வந்தவராக இருப்பார். அவருக்குப் பேத்தி பிறந்த ஏழாம் நாள் 'ஸுபூ' சடங்குக்கு என்னைக் கூப்பிட்டார். குழந்தையைச் சல்லடையில் கிடத்தித் தரையில் வைத்தார்கள். தாய் அதை ஏழு தடவை தாண்டினாள். ஒரு கிழவி பித்தளை உரலைக் குழந்தையின் காதருகே 'ணங் ணங்' என்று இடித்து, அம்மா பேச்சைக் கேள், அப்பா பேச்சைக் கேட்காதே என்று உரக்கச் சொன்னாள். உப்பும் தானியமும் தூவினார்கள். பாரோ காலத்தில் இருந்து வருவது என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். முஸ்லிம் வீட்டிலும் காப்டிக் வீட்டிலும் ஒரே சடங்கு. இறந்தவருக்கு நாற்பதாம் நாள் அனுசரிப்பதும் அப்படித்தான், இரு வீட்டிலும் உண்டு.

இந்தத் தொடர்ச்சியை ஒரே இடத்தில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் லக்சர் கோயிலுக்குச் சாயங்காலம் போங்கள். மூன்றாம் அமென்ஹோதெப் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் மேலே பாருங்கள், ஒரு மசூதி. அதன் பழைய கதவு தரையில் இருந்து பல மீட்டர் உயரத்தில் சும்மா தொங்கும். 13-ஆம் நூற்றாண்டில் கோயில் மண் மூடிக் கிடக்க, அந்த மண்மேட்டின் மேல் ஊரே குடியிருந்தது, அங்கேதான் சூஃபி ஞானி அபுல் ஹக்காகுக்கு மசூதி எழும்பியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணைத் தோண்டி எடுத்தபோது கோயில் கீழே வந்துவிட்டது, கதவு மேலேயே நின்றுவிட்டது. தொழுகை இன்றும் நடக்கிறது. வருஷாவருஷம் இஸ்லாமிய ஷஃபான் மாதத்தில் அவருடைய திருவிழாவில் படகுகளை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக இழுத்து வருவார்கள். ஆற்றில் ஓட வேண்டிய படகு தெருவில் ஏன் வருகிறது என்று கேட்டால், கோயிலுக்குள் தூண்வரிசைச் சுவரைக் காட்டுவார்கள். துட்டன்காமன் காலத்தில் செதுக்கியது. பக்கத்துக் கர்னக் கோயிலில் இருந்து அமூன் தெய்வம் படகில் இந்தக் கோயிலுக்கு ஊர்வலமாக வரும் 'ஓபெத்' விழா அதில் இருக்கிறது.

அஸ்வானுக்கு இரண்டு நாள் வையுங்கள். அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி மறுபடி பொருத்திய கதையைக் கைடு சொல்வார். அது பெரிய சாதனைதான். அவர் விட்டுவிடுவதை நான் சொல்கிறேன். கோயிலை மூழ்கடிக்க இருந்த அஸ்வான் உயர் அணையால் எகிப்துப் பகுதியில் மட்டும் அங்கே பூர்வகுடிகளான நூபிய மக்கள் சுமார் 50,000 பேர் ஊரை இழந்தார்கள். கற்கோயிலைத் தூக்கி வைத்தவர்கள், வெள்ளையடித்த முகப்பில் பீங்கான் தட்டு பதித்த அந்த வீடுகளைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டார்கள். கோம் ஓம்போ பக்கம், ஆறு தெரியாத இடத்தில், வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். அஸ்வானில் 1997-இல் திறந்த நூபிய மியூசியத்துக்கு அரை நாள் கொடுங்கள். முதியவர்கள் யாராவது இருந்தால் பழைய ஊர்ப் பெயரைக் கேளுங்கள். தங்கள் மொழியில் ஒவ்வொரு ஊராகச் சொல்வார்கள்.

ஆக, கெய்ரோவுக்கும் கிசாவுக்கும் மூன்று நாள், லக்சருக்கு மூன்று, அஸ்வானுக்கு இரண்டு. அலெக்சாண்டிரியாவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். கெய்ரோவில் ஒரு சாயங்காலம் பழைய நகரத்து அல் முயிஸ் தெருவில் நடந்தால் போதும்.

ஒன்பதாவது நாள் கிடைத்தால் மட்டும் இன்னொன்று. செங்கடல் கரையில் குஸெய்ர் ஊருக்குக் கொஞ்சம் வடக்கே 'குஸெய்ர் அல் கதீம்' என்ற பழைய துறைமுகம். ரோமர் காலத்தில் அதன் பெயர் மயோஸ் ஹோர்மோஸ். இந்தியக் கப்பல் சரக்கு இங்கே இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் வழியாக அலெக்சாண்டிரியா போகும். தமிழ் பிராமியில் கணன், சாதன் என்ற பெயர்கள் எழுதிய பானை ஓடுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. பிற்பாடு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் எடுத்த ஓட்டில் இருந்த எழுத்தை கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். ஒறி என்றால் உறி, பானையைத் தொங்கவிடும் கயிறு. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தையது. தெற்கே பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது.

போனால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. மணல் மேடு, உடைந்த ஓடுகள், எதிரே சாலை, அதற்கப்பால் கடல். நான் ஒரு மணி நேரம் நின்றேன். லக்சரில் இருந்து காலையில் கார் எடுத்தால் மூன்று மணி நேரப் பயணம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை குறைவு. அம்மாவிடம் உறி என்றால் என்ன என்று நீங்கள் விளக்க வேண்டி இருக்காது.